நாரை வர மறுத்த சனிக்கிழமை

திருச்சி பீமநகரில், தேவதர்ஷினியின் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவை இரண்டும் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது தெரியவந்தது. எப்போது நிறுத்தின, எதற்காக நிறுத்தின என்று யாருக்கும் தெரியாது.

முன்னறையில் இருந்தது பெரிய கம்ப்யூட்டர். தேவதர்ஷினியின் அப்பா அன்புச்செல்வன் அதற்குப் 'பெரியவன்' என்று பெயர் வைத்திருந்தார். கூடத்து மேசையில் இருந்தது லேப்டாப். அதற்குப் பெயர் 'சின்னவன்'. பெரியவனுக்குள் 'பொது' என்று ஓர் அறை உண்டு. அதில் போட்டு வைக்கும் எந்த ஃபைலையும் சின்னவனில் இருந்தபடியே திறந்து எடுத்துக்கொள்ளலாம். நடுவில் வைஃபை பெட்டி தூது போகும். போன வருடம் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்.

இன்றைக்கு அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை.

"பெரியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று லேப்டாப் சொன்னது.

"பதினோரு அடி தள்ளி அடுத்த ரூம்ல உக்காந்திருக்கான். கண்டுபிடிக்க முடியலையாம்" என்றாள் அம்மா யமுனா.

யமுனா காது கேளாத குழந்தைகள் பள்ளியில் ஆசிரியை. இரண்டாம் வகுப்பில் அவளுக்கு ஒன்பது பிள்ளைகள். ஒன்பது பேரையும் வைத்து, சைகை மொழியிலேயே ஒரு சின்னப் படம் எடுத்திருந்தாள். முக்கொம்பில் வழி தவறிவிடும் ஒரு குட்டி நாரையின் கதை அது. இரண்டு மாத வேலை. பெரியவனில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, முடித்து, நேற்றுச் சாயங்காலம்தான் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்த்திருந்தாள். அப்படிச் சேர்க்க மட்டும் கம்ப்யூட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று.

இன்று மூன்று மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் படத்தைத் திரையிட வேண்டும். பிள்ளைகளின் பெற்றோர் முசிறி, துறையூர், லால்குடி என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பெரியவனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. லேப்டாப்பைத்தான் எடுத்துப் போக வேண்டும். படம் இன்னும் பெரியவனிடமே இருந்தது.

"கவலையே படாதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றான் நவநீதன்.

நவநீதன் தேவதர்ஷினியின் அண்ணன். பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். படிக்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. அந்த நான்கு மாதமாக வீட்டில் மின்விசிறி நின்றால்கூட அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தான்.

முதலில் பென் டிரைவைக் கொண்டுவந்து பெரியவனில் செருகினான். படம் பன்னிரண்டு ஜிபி. பென் டிரைவ் எட்டு ஜிபி. "இடம் போதவில்லை" என்றது பெரியவன்.

பிறகு படத்தை இன்டர்நெட்டில் ஏற்றி, அங்கிருந்து லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம் என்றான். ஏற்ற ஆரம்பித்ததும் திரையில் 'இன்னும் ஏழு மணி நேரம்' என்று வந்தது.

"ஏழு மணி நேரம் கழிச்சு ஸ்ரீரங்கத்துல மண்டபத்தைப் பூட்டிட்டு வாட்ச்மேன் வீட்டுக்குப் போயிருப்பார்" என்றாள் அம்மா.

ஏற்றுவதை நிறுத்திவிட்டு நவநீதன் கூடத்துக்கு வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். விரல்கள் வேகமாக ஓடின. எதையோ திறந்தான், எதையோ மூடினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். மறுபடியும் அணைத்துப் போட்டான்.

தேவதர்ஷினிக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இப்ப என்ன மாத்தினே?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சரியானா போதாதா? எதனாலன்னு எதுக்குத் தெரியணும்?"

"சரியாகலையே."

திரையில் 'பெரியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற வரி அப்படியே இருந்தது.

"அது என்ன, கீழே சிவப்பா ஒண்ணு?" என்று கேட்டாள் தேவதர்ஷினி.

"ஃபயர்வாலை நிறுத்தி வச்சிருக்கேன். வெளியிலிருந்து கண்டதும் உள்ளே வராம காவல் காக்குமே, அது."

"காவல்காரரை அனுப்பிட்டும் பெரியவன் வரலை. அப்போ அவர் மேல தப்பு இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுடு அண்ணா."

நவநீதன் முணுமுணுத்தான். ஆனாலும் திரும்பப் போட்டுவிட்டான். அதில் ஒரு நியாயம் இருப்பது அவனுக்கே தெரிந்தது.

தேவதர்ஷினி ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். கணக்கு டீச்சர் அடிக்கடி சொல்வார், விடை தப்பாக வந்தால் கடைசி வரியைப் பார்க்காதே, முதல் வரியிலிருந்து பார் என்று. முதல் வரி என்றால் பெரியவன் விழித்திருக்கிறானா என்பதுதான்.

பெரியவனின் திரை கறுப்பாக இருந்தது. அவள் மவுஸைத் தொட்டாள். பெட்டிக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். மெல்ல வெளிச்சம் வந்தது.

"அண்ணா! பெரியவன் தூங்கிக்கிட்டு இருந்திருக்கான்!"

நவநீதன் எழுந்து ஓடிவந்தான். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது தானாகத் தூங்கிவிடும். தூங்கும் கம்ப்யூட்டர் யார் கூப்பிட்டாலும் எழாது. இத்தனை நேரம் அவன் தூங்குகிறவனைக் கதவுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அதான் விஷயம்! நான்கூட அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்புக்கு ஓடினான்.

லேப்டாப் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, பெரியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. லால்குடியிலிருந்து பிச்சமுத்து பேசினார். வாழைத் தோட்டங்களில் தார் வெட்டும் வேலை அவருக்கு. அவர் மகள் மங்கைதான் படத்தில் நாரையாக நடித்தவள். போனில் அவர் சத்தமாகவே பேசுவார். கூடம் முழுக்கக் கேட்டது.

"டீச்சரம்மா, வணக்கங்க. பஸ் ஏறிட்டோம். முதல்ல கோயிலுக்குப் போயிட்டு அப்புறம் மண்டபத்துக்கு வரோம். மங்கை காலையில ஆறு மணிக்கே தலையைச் சீவிக்கிட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டா. எனக்கு அவ கையால பேசற பேச்சு ஒண்ணும் புரியாதுங்க. அவ அம்மாவுக்குத்தான் கொஞ்சம் புரியும். இருந்தாலும் புள்ளை நடிச்சதைப் பாக்கணும்ல? மூணு மணிக்குத்தானேங்க?"

"ஆமாங்க, மூணு மணிக்குத்தான். வாங்க" என்றாள் அம்மா.

"எல்லாம் தயாரா இருக்குங்களா?"

அம்மா லேப்டாப்பைப் பார்த்தாள். "தயாராயிடும், வாங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு அம்மா அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறார். வேலை நேரத்தில் போன் அலமாரிக்குள் இருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒரே வழிதான் இருக்கு. வைஃபை பெட்டிக்குப் பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுல ஊக்கை விட்டுக் குத்தினா எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். தர்ஷினி, ஒரு ஊக்கு கொண்டா" என்றான் நவநீதன்.

தேவதர்ஷினி நகரவில்லை.

"வேணாம் அண்ணா."

"ஏன்?"

"மாடியில ஆலியாவுக்குப் பரீட்சை நடக்குது."

மாடி வீட்டில் ரோஷன் பேகமும் அவர் மகள் ஆலியாவும் குடியிருந்தார்கள். ஆலியாவுக்கு ஒன்பது வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டிருப்பதால் பள்ளிக்கூடம் போக முடியாது. அவளுடைய டீச்சர் தினமும் கொஞ்ச நேரம் வீடியோவில் வந்து பாடம் சொல்லித் தந்தார். இன்று வாய்மொழித் தேர்வு. பத்தரையிலிருந்து பதினொன்றே கால் வரை. இதற்காகத்தான் அப்பா தங்கள் வீட்டு வைஃபையை ஆலியாவுக்கும் திறந்துவிட்டிருந்தார்.

"நெட் ரெண்டு நிமிஷம்தான் போகும்" என்றான் நவநீதன்.

"ரெண்டு நிமிஷத்துல டீச்சர் மூணு கேள்வி கேட்டுடுவாங்க. பாவம், அவ ராத்திரியெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தா. என் ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

"நமக்கு மட்டும் அவசரம் இல்லையா?"

"இருக்கு. ஆனா அந்த ஓட்டையில குத்தினா அப்பா வச்ச பேர், பாஸ்வேர்டு எல்லாமே அழிஞ்சுடும். திரும்பப் போட உனக்குத் தெரியுமா?"

நவநீதன் யோசித்தான். தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டான்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து ஐம்பத்தைந்து. ஆசிரியை என்பதால் பரீட்சை என்ற சொல்லுக்கு அவளிடம் ஒரு மரியாதை உண்டு.

"பதினொன்னே கால் வரைக்கும் பெட்டியை யாரும் தொடக் கூடாது" என்றாள். "நவநீ, நீ கடைக்குப் போயி பெரிய பென் டிரைவ் ஏதாவது கிடைக்குதான்னு பாரு."

நவநீதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அம்மா, மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வயர்களை எடுத்துவைக்க உள்ளே போனாள். கூடத்தில் தேவதர்ஷினியும் நோட்டும் லேப்டாப்பும் மட்டும் இருந்தார்கள்.

அவள் நோட்டில் எழுதினாள்.

பெரியவன் விழித்திருக்கிறான். சரி.

பெரியவனில் இன்டர்நெட் வருகிறது. சரி.

சின்னவனில் இன்டர்நெட் வருகிறது. சரி.

இரண்டும் தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றை ஒன்று மட்டும் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது எப்படி?

கடைசியாக எப்போது வேலை செய்தது? யோசித்தாள். போன மாதம் அவளே பெரியவனிலிருந்து முக்கொம்பு படங்களை லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தாள். அப்போது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? மழை பெய்தது. அப்பாவுக்கு ஜுரம் வந்தது. ஆலியா கீழே விழுந்தாள்.

ஆலியா.

மாடியில் இன்டர்நெட் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஏதாவது தெரியலாம். தேவதர்ஷினி மாடிப்படி ஏறினாள்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே ஆலியா, காலை ஒரு தலையணை மேல் நீட்டி வைத்துக்கொண்டு போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ரோஷன் பேகம் தேவதர்ஷினியைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். தேவதர்ஷினி தலையாட்டிவிட்டு, வெளியே கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"பன்னிரண்டு எட்டு?" என்று டீச்சரின் குரல் கேட்டது.

"தொண்ணூத்தாறு மிஸ்."

"பதிமூணு ஏழு?"

சத்தம் இல்லை. தேவதர்ஷினிக்கு விடை தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"தொண்ணூத்தொண்ணு மிஸ்!"

"வெரி குட்."

பதினொன்றே காலுக்கு முடிய வேண்டிய தேர்வு பதினொன்று இருபதுக்கு முடிந்தது. தேவதர்ஷினி ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏன் கண்ணு வெளியிலேயே உக்காந்துட்டே? உள்ளே வா" என்றார் ரோஷன் பேகம்.

"பரவாயில்லை ஆன்ட்டி. ஆலியா, எத்தனை தப்பு?"

"ஒண்ணே ஒண்ணு அக்கா! அதுவும் பூவோட பாகத்துல."

"சூப்பர். இங்க நெட் நல்லா வந்துச்சா?"

"ஜம்முனு வந்துச்சு. ஒரு தடவைகூட நிக்கலை."

தேவதர்ஷினி கீழே நடந்ததைச் சொன்னாள். ஆலியா கண்ணை அகல விரித்துக் கேட்டாள். நாரை வராமல் போனால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டாள்.

"லேப்டாப்புக்கு என்னாச்சு? இங்க இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள்.

"இங்க எப்ப இருந்துச்சு?"

"மறந்துட்டீங்களா அக்கா? அம்மா போன் ரிப்பேர் ஆச்சே, அப்ப மாமா ரெண்டு நாள் லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்தாரே. அதுலதான் நான் பாடம் கேட்டேன். மாமாவே மேலே வந்து நெட் போட்டுக் கொடுத்தார்."

"எந்தப் பேர்ல போட்டார்?"

"எங்க பேர்லதான்" என்று ஆலியா சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. ஆங்கில எழுத்துகளில் 'அன்புவிருந்து' என்று எழுதி, கீழே பாஸ்வேர்டும் எழுதியிருந்தது.

தேவதர்ஷினி அதையே பார்த்தாள். கீழே அவர்கள் வீட்டில் வைஃபைக்குப் பெயர் 'அன்புவீடு'. ஒரே பெட்டிதான். ஆனால் இரண்டு பெயர். அப்படியென்றால், ஒரே பெட்டிக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

"ஆலியா, நீ போன்ல எப்பவாவது எங்க பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கறதைப் பார்த்திருக்கியா?"

"அதெல்லாம் தெரியாது அக்கா. மாமா சொன்னார், இது விருந்தாளிங்களுக்கான வழி, இன்டர்நெட் மட்டும் வரும், வீட்டுக்குள்ளே இருக்கற எதையும் பாக்க முடியாதுன்னு."

தேவதர்ஷினி எழுந்துவிட்டாள். "ஆலியா, உனக்குப் பூவோட பாகம் நான் சொல்லித் தரேன். நாளைக்கு வரேன்!" என்று சொல்லிக்கொண்டே இரண்டு இரண்டு படியாக இறங்கினாள்.

லேப்டாப்பின் மூலையில் இருந்த வைஃபை குறியைத் தொட்டாள். பட்டியல் விரிந்தது. மேலே 'அன்புவிருந்து'. அதற்குப் பக்கத்தில் 'இணைந்துள்ளது' என்று இருந்தது. அதற்குக் கீழே 'அன்புவீடு'. அது சும்மா இருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. லேப்டாப் மட்டும் தன்னை இன்னும் விருந்தாளி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

அவள் 'அன்புவீடு' என்பதைத் தொட்டாள். லேப்டாப்புக்குப் பழைய பாஸ்வேர்டு மறக்கவில்லை. கேட்காமலே இணைந்துகொண்டது. பிறகு 'பொது' அறையைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. பெரியவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேவதர்ஷினியின் முகம் வாடிப்போனது. நோட்டை எடுத்து முதல் வரியைப் பார்த்தாள். பெரியவன் விழித்திருக்கிறான். சரி. ஆனால் அது எப்போது எழுதியது? அரை மணி நேரத்துக்கு முன்னால். ஒரே பாய்ச்சலில் முன்னறைக்கு ஓடினாள். பெரியவன் மறுபடியும் தூங்கிப்போயிருந்தான்.

மவுஸை ஒரு உலுக்கு உலுக்கினாள். திரும்பி ஓடிவந்து 'பொது' அறையைத் திறந்தாள்.

உள்ளே அப்பாவின் ரயில் படங்கள் இருந்தன. நவநீதனின் பாட்டுகள் இருந்தன. நடுவில் 'நாரை' இருந்தது.

"அம்மா! நாரை வந்துடுச்சு!"

அம்மா கையில் வயரோடு ஓடிவந்தாள். பதினொன்று நாற்பதுக்கு 'நாரை' பெரியவனிலிருந்து சின்னவனுக்கு நகர ஆரம்பித்தது. பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீண்டது. 'இன்னும் முப்பத்தொரு நிமிடம்' என்றது லேப்டாப்.

"நீங்க இங்கே பாருங்கம்மா. நான் பெரியவன் பக்கத்துல இருக்கேன். நடுவுல தூங்கிட்டா நாரை பாதி வழியில நின்னுடும்" என்றாள் தேவதர்ஷினி.

அவள் பெரியவனின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மவுஸை அசைத்தாள். அவ்வளவு சலிப்பான வேலையை அவள் அதற்கு முன் செய்ததில்லை.

பாதி வேலை நடக்கும்போது நவநீதன் திரும்பி வந்தான். ஒரு கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னொரு கடையில் எட்டு ஜிபிக்கு மேல் இல்லை. வெயிலில் முகம் சிவந்திருந்தது. கூடத்தில் பச்சைக் கோட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"எப்படி?"

தேவதர்ஷினி முன்னறையிலிருந்தபடியே சொன்னாள். விருந்தாளி கூடத்தில் உட்காரலாம், காபி குடிக்கலாம், வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. லேப்டாப் விருந்தாளிகளின் வாசல் வழியாக வந்துவிட்டதால் பெரியவனின் அறை அதற்குத் தெரியவே இல்லை. இன்டர்நெட் இரண்டு வாசலிலும் வரும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"நானும் பேரைப் பார்த்தேனே" என்றான் நவநீதன். "அன்புன்னு இருந்துச்சு."

"முதல் பாதியைப் பார்த்தே."

நவநீதன் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தான். பிறகு, "அப்போ அந்த விருந்து வாசலை மூடிடலாமா? இனிமே குழப்பமே வராது" என்றான்.

"அது ஆலியாவோட வாசல். லேப்டாப்தான் அதை மறக்கணும். மறக்கச் சொல்ற இடம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"அது தெரியும்!" என்றான் நவநீதன். உண்மையாகவே தெரிந்திருந்தது. நாரை முழுதாக வந்து சேர்ந்ததும், லேப்டாப்பின் நினைவிலிருந்து 'அன்புவிருந்து' என்ற பெயரை எடுத்துவிட்டான். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, எப்படிச் செய்தான் என்று காட்டினான்.

ஒன்றரை மணிக்கு மூவரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் அதிகம். லேப்டாப் பையை அம்மா மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது காற்று வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலம் தாண்டியதும் நவநீதன் மட்டும் பையைத் திறந்து, லேப்டாப்பில் நாரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பிள்ளைகளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கைகள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பிச்சமுத்து இரண்டாம் வரிசையில், வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருமண்ணோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு விளக்கை அணைத்தார்கள். தேவதர்ஷினி லேப்டாப்பின் அருகில் நின்று படத்தை ஓட விட்டாள்.

படத்தில் பேச்சு இல்லை, பாட்டும் இல்லை. அகண்ட காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. மங்கை என்ற குட்டி நாரை அங்கே வந்து நிற்கிறது. அம்மா நாரை எந்த ஆற்றோடு போனாள்? தவளையைக் கேட்கிறது. தவளை, காவிரி என்கிறது. நண்டைக் கேட்கிறது. நண்டு, கொள்ளிடம் என்கிறது. மீனைக் கேட்கிறது. மீன் இரண்டு பக்கமும் காட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுகிறது. குட்டி நாரை அழவில்லை. இரண்டு கைகளையும் விரித்து மேலே, மேலே போகிறது. உயரத்திலிருந்து பார்த்தால், பிரிந்த இரண்டு ஆறுகளும் ஒரே தீவைச் சுற்றிக்கொண்டு ஓடுகின்றன. தீவில் ஒரு பெரிய கோபுரம். கோபுரத்துக்குப் பக்கத்தில் அம்மா நாரை நிற்கிறது.

எந்த ஆற்றோடு போயிருந்தாலும் குட்டி அங்கேதான் வந்து சேர்ந்திருக்கும்.

தேவதர்ஷினி படத்தைப் பார்க்கவில்லை. பிச்சமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முதலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மங்கை தவளையிடம் பேசியபோது முன்னால் நகர்ந்தார். மீன் உள்ளே போனபோது அவரை அறியாமலே கை நீண்டது, ஆற்றைக் காட்டுவது போல. குட்டி நாரை அம்மாவைக் கண்டுபிடித்தபோது தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புரியுதுல்ல? எனக்கே புரியுது" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் மெல்லச் சொன்னார். மெல்ல என்று அவர் நினைத்துக்கொண்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

விளக்குகள் எரிந்தன. பிச்சமுத்து எழுந்து நின்று, பலமாகக் கை தட்டுவதற்காக இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். அப்போது முன்வரிசையைப் பார்த்தார்.

ஒன்பது பிள்ளைகளும் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களை விரித்துப் படபடவென்று அசைத்துக்கொண்டிருந்தார்கள். காது கேளாதவர்கள் அப்படித்தான் கை தட்டுவார்கள். சத்தமே இல்லை.

பிச்சமுத்துவின் உள்ளங்கைகள் பாதியில் நின்றன. ஒரு கணம் யோசித்தார். பிறகு வாழைத்தார் சுமந்து காய்ப்பேறிய அந்த இரண்டு கைகளும் மெதுவாக மேலே போயின. விரல்கள் அசைந்தன.

மங்கை திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது, மூடவே இல்லை.

அவரைப் பார்த்து அடுத்தவர் கை உயர்ந்தது. அதற்கடுத்தவர். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுவதும் கைகளாக இருந்தது. தேவதர்ஷினி லேப்டாப்பின் மேல் வைத்திருந்த கையை எடுத்து, தானும் உயர்த்தினாள்.